வலது கீழ் மூலை

என் மகன் கல்யாணப் பத்திரிகையில் ஒரு கமாகூட இடம் மாறி உட்காரக் கூடாது என்று நான் சபதம் எடுத்தேன். ஆண்கள் சபதம் எடுக்கிற நேரத்தில் பெண்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். அன்றும் அப்படித்தான். என் மனைவி அன்னபூர்ணி தலையைத் தூக்கவில்லை. "சரின்னா" என்றாள்.

இந்தச் 'சரின்னா'வைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பத்துமூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஒரு தடவைகூடச் சம்மதம் என்ற பொருளில் வந்ததில்லை. 'நீங்கள் பேசி முடியுங்கள், நான் செய்ய வேண்டியதைச் செய்துகொள்கிறேன்' என்பதன் சுருக்கம் அது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். மனுஷனுக்கு நம்பிக்கைதானே எல்லாம்.

என் பெயர் வைத்யநாதன். ரயில்வேயில் முப்பத்துநாலு வருஷம் கடிதம் எழுதியே காலம் தள்ளிவிட்டு, மைசூர் விஜயநகரில் இரண்டாம் ஸ்டேஜில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன். வீடு என் பெயரில் இருக்கிறது. அதற்குமேல் வீட்டில் என் பெயருக்கு ஒன்றும் இல்லை. எந்தச் சுவருக்கு எந்த வர்ணம், எந்தக் கிழமைக்கு எந்தக் குழம்பு, யார் வீட்டுக்கு எப்போது போவது, போனால் எப்போது எழுந்திருப்பது, எல்லாம் அன்னபூர்ணி இலாகா. எனக்கென்று விட்டுவைத்திருந்த ஒரே இலாகா இங்கிலீஷ்.

அதை நான் சும்மா ஆளவில்லை. குழப்புகிற வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாபகக்குறிப்பு வைத்திருந்தேன். பேனா, காகிதம் விற்கிற ஸ்டேஷனரிக்கும் நின்ற இடத்தில் நிற்கிற ஸ்டேஷனரிக்கும் உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. கடைச் சாமானில் கவர் உண்டு. கவர் என்றால் என்வலப். அது 'ஈ'யில் ஆரம்பிக்கிறது. ஆகவே கடைக்கு 'ஈ'. சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு இரண்டு 'எஸ்', ஏனென்றால் இரண்டாம் தடவை கேட்போம். பாலைவனத்துக்கு ஒரே 'எஸ்', அங்கே யார் இரண்டாம் தடவை போகப்போகிறார்கள். அக்காமடேஷனில் இரண்டு 'சி', இரண்டு 'எம்'. சத்திரத்து ரூம் என்றால் காட், அதாவது கட்டில், இரண்டு, மெத்தை இரண்டு. தொளதொளவென்று இருந்தால் இரண்டு 'ஓ'. எதையாவது தொலைத்துவிட்டால் ஒரு 'ஓ'வும் சேர்ந்து தொலைந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தக்குறிகளுக்கும் சட்டம் உண்டு. மூச்சு வாங்குகிற இடத்தில் கமா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுக்களையிலிருந்து அன்னபூர்ணி, "அப்பா பேசறச்சே ஒரு கமாவையும் காணமேடா" என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து கமாவை மட்டும் அவள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் என் மகன் அர்ஜுன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிரதிபா. கன்னடப் பெண். அவன் ஆபீஸில் வேலை. நல்ல பெண், வந்த அன்றைக்கே அன்னபூர்ணியோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லாம் சரி. பெண்ணின் அப்பா உதயகுமார்தான் சங்கடம். முப்பது வருஷம் காலேஜில் இங்கிலீஷ் ப்ரொஃபசர்.

நிச்சயதார்த்தத்தில் அவர் சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. அலங்காரத்துக்கு என்று நினைத்தேன். சமையல் காண்டிராக்டர் மேஜைமேல் மெனு அட்டை வைத்திருந்தான். ப்ரொஃபசர் அதை எடுத்தார், பேனாவைத் திறந்தார், இனிப்பு வகைகள் என்ற இடத்தில் ஒரு 'எஸ்' சேர்த்தார். பிறகு காண்டிராக்டரைக் கூப்பிட்டு, சாப்பாடு ஆனதும் எங்களையெல்லாம் பாலைவனத்துக்கு அனுப்பப் போகிறாயா என்று கன்னடத்தில் சாந்தமாகக் கேட்டார். அவன் அதற்குப் பிறகு பந்தி முடிகிறவரை வெளியே வரவில்லை.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். சனி யாரை விட்டது. பிள்ளை வீட்டுப் பத்திரிகையின் இங்கிலீஷ் முழுக்க என் பொறுப்பு, ஒரு புள்ளி தப்பு கண்டுபிடித்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று ப்ரொஃபசரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மீசை கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் என் உதட்டுக்கு மேலே ஒரு நிமிஷம் பார்த்தார். "நோடோணா, பீகரே" என்றார். பார்க்கலாம் சம்பந்தி என்று அர்த்தம். கன்னடத்தில் அதைவிடப் பயங்கரமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

நாலு நாள் உட்கார்ந்து பத்திரிகையை எழுதினேன். பக்கத்துத் தெருவில் சொர்ணலதா என்ற அம்மாள் சின்னதாகப் பிரஸ் வைத்திருக்கிறாள். அவள் அடித்துக்கொடுத்த மாதிரியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அன்னபூர்ணியிடம் காட்டினேன். அபிப்பிராயம் கேட்க அல்ல, அவள் பார்த்து மலைக்க வேண்டும் என்பதற்காக. அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வரைக்கும் படித்தாள். வலது கீழ் மூலைக்கு வந்ததும் நின்றாள். அங்கே சின்ன எழுத்தில், உற்றார் உறவினரின் நல்வாழ்த்துகளுடன் என்பதை இங்கிலீஷில் போட்டிருந்தேன்.

"ஏன்னா, இந்தக் காம்ப்ளிமெண்ட்ஸ்ல நடுவுல 'ஐ' வராதோ?"

"ஈதான்."

"எல்லாப் பத்திரிகைலயும் 'ஐ'யாட்டம் பார்த்த ஞாபகம்."

"எல்லாரும் தப்பாப் போடறா. உனக்குச் சுலபமா ஞாபகம் வெச்சுக்க வழி சொல்றேன். ஒரு பத்திரிகை எப்போ பூர்த்தியாறது? உறவுக்காரா வாழ்த்து இருந்தாத்தானே? பூர்த்தின்னா கம்ப்ளீட். கம்ப்ளீட்டுக்கு 'ஈ'. அதனால இதுக்கும் 'ஈ'."

அவள் என்னையும் பத்திரிகையையும் மாறிமாறிப் பார்த்தாள். "சரின்னா" என்றாள்.

திங்கட்கிழமை நாள் நன்றாக இருந்தது. சுவாமிக்கு முன்னால் வைத்துப் படைக்க முதலில் ஐந்து பத்திரிகை மட்டும் சொர்ணலதா அச்சடித்து அனுப்பியிருந்தாள். அன்னபூர்ணி அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் வைத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, சித்திரம் வரைந்தவன் சித்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

மத்தியானம் அர்ஜுன் பெண் வீட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ப்ரொஃபசர் எழுதியது. குறை கண்டுபிடிக்கும் நல்லெண்ணத்தோடு பிரித்தேன். கமா எல்லாம் போட வேண்டிய இடத்தில் இருந்தது. கடைசி வரிக்கு வந்தேன். அவரும் அதே வாழ்த்தைப் போட்டிருந்தார். நடுவில் 'ஐ'.

அகராதியை எடுத்தேன். நடுவில் 'ஐ' இருந்தால் வாழ்த்து, பாராட்டு. 'ஈ' இருந்தால் ஒன்றை நிறைவு செய்கிற மிச்சப் பாகம். என் ஞாபகக்குறிப்பு சரிதான். வார்த்தைதான் வேறு. அதாவது, பாக்கி இருக்கிற உறவினர்களையும் போட்டு இந்தப் பத்திரிகையை நிரப்பியிருக்கிறோம் என்பது மாதிரி எழுதியிருந்தேன்.

உடனே சொர்ணலதாவுக்குப் போன் போட்டேன். பிரிண்ட் ஆகிவிட்டதா என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "எல்லா ஆகோய்து சார். அறுநூறும் கட்டி வெச்சாச்சு. நாளைக்குக் காத்தால ஆட்டோல வரும்" என்றாள். தாங்க்ஸ் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் அன்னபூர்ணியிடம் காரணம் சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பிரச்சினை. சிரிக்காமல், குத்திக்காட்டாமல், மோர்க்குழம்பை இன்னொரு கரண்டி விடுவாள். அத்தோடு இங்கிலீஷ் இலாகாவும் அவள் கைக்குப் போய்விடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் எதற்கு? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ப்ரொஃபசரிடம் இருந்த பயத்தைவிட இந்தப் பயம்தான் அதிகம். இத்தனை வருஷம் கழித்தும் அவள் எதிரில் ஒரு விஷயத்திலாவது பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிறது.

அலமாரியில் இருந்த ஐந்து பத்திரிகைகளையும் பார்த்தேன். மூலையில் மஞ்சள். மூளையில் வெளிச்சம். தப்பு இருக்கிற இடம் வலது கீழ் மூலை. மஞ்சள் தடவுகிற இடமும் அதே மூலை. கொஞ்சம் தாராளமாகத் தடவினால் தீர்ந்தது. சாஸ்திரமும் ஆயிற்று, சமாளிப்பும் ஆயிற்று.

சாயங்காலம் காபி குடிக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"அன்னம், மஞ்சள் தடவறதுல எங்காத்துல ஒரு வழக்கம் உண்டு. சொல்ல மறந்துட்டேன்."

"என்ன வழக்கம்?"

"மூணு மூலைக்குச் சாதாரணமாத் தடவணும். வலது கீழ் மூலைக்கு மட்டும் நன்னா கெட்டியா, அகலமாப் பூசணும்."

"நம்ம கல்யாணப் பத்திரிகைல அப்படி இல்லியே."

"அதை உங்காத்துல தடவிட்டா. அம்மாக்கு அதுல மனக்குறை. வெளில சொல்லலை."

"நம்ம சௌம்யா கல்யாணத்துல சொல்லலியே நீங்க?"

"அவ பொண்ணு. இது பிள்ளை கல்யாணத்துக்கு மட்டும்."

இவ்வளவு வேகமாகப் பொய் வருகிறதே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அன்னபூர்ணி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் பக்தி.

"அப்படின்னா நான் கை வெக்கப்படாதுன்னா. உங்காத்து வழக்கத்தை உங்காத்து மனுஷாதானே பண்ணணும். நான் எக்குத்தப்பாத் தடவி, குழந்தைகளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுத்துன்னா? நீங்களே தடவிடுங்கோ."

"அறுநூறுமா?"

"நான் வேணா கிண்ணம் தரேன்."

மறுநாள் காலை ஆட்டோ வந்தது. பழுப்புக் காகிதம் சுற்றி ஆறு கட்டு. கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தேடினேன். காணோம். அது மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது, ஸ்க்ரூ முடுக்கக் கடையில் கொடுத்திருக்கிறேன் என்றாள் அன்னபூர்ணி. சனிக்கிழமைதான் கிடைக்குமாம். அதுவும் நல்லதுக்கே என்று நினைத்தேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். மூலை தெரிந்தால் போதும்.

வெறும் மஞ்சள் போதாது, கீழே எழுத்து தெரியும் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் அரிசி மாவு கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவேயில்லை. ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டையும் குழைத்துச் சுவருக்குப் பூசுகிற பதத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அறுநூறு பத்திரிகைக்கு நாலு மூலை. இரண்டாயிரத்து நானூறு. கணக்காகச் சொன்னால் ஒன்றும் தெரியாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தடவிப் பார்த்தால் தெரியும். நூறாவது பத்திரிகையில் முழங்கால் மரத்தது. இருநூறில் முதுகு போயிற்று. விரலை மாற்றி மாற்றித் தடவி, கடைசியில் சுண்டுவிரலுக்கும் வேலை வந்தது. காய வைக்க இடமில்லாமல் சோபா, கட்டில், வாஷிங் மெஷின் மேலெல்லாம் பரப்பினேன். காபியில் மஞ்சள் வாசனை. பேப்பரில் மஞ்சள் விரல். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் காவேரி அம்மாள், "ஏனு சார், நீவே மாடுத்தித்தீரா?" என்று, நீங்களேவா செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் ஆச்சரியப்பட்டுப் போய்த் தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சாயங்காலம் வாக்கிங்கில் என்னோடு பேசவில்லை. தெருவில் ஆண்களின் மானத்தை நான் வாங்கிவிட்டேனாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் நானூறைத் தாண்டும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சௌம்யா கல்யாணத்தில் எண்ணூறு பத்திரிகை. அத்தனைக்கும் அன்னபூர்ணி ஒருத்திதான் தடவினாள். அடுத்த ஒரு வாரம் மணிக்கட்டு வீங்கி, தோசைக் கரண்டியை இடது கையால் பிடித்தாள். நான் என்ன செய்தேன்? எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வரியில் கமா விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய் அவளிடம், இப்போது கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எந்தக் கை என்றாள். சௌம்யா கல்யாணத்துக் கை என்றேன். "அதுக்கு இப்பவா கேக்கறேள்" என்று சொல்லிவிட்டு, சூடாக இரண்டு போண்டா கொண்டுவந்து, என் கையெல்லாம் மஞ்சளாக இருந்ததால் அவளே ஊட்டிவிட்டாள். அந்த நிமிஷமே தப்பைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாயில் இரண்டாவது போண்டா வந்துவிட்டது.

சனிக்கிழமை கண்ணாடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அறுநூறில் எது மிகக் கெட்டியாகப் பூசியதோ அதைத் தடவித் தடவிப் பார்த்து எடுத்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, அதன்மேல் பத்திரிகை. அன்னபூர்ணி பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போது சாமுண்டி மலை இருக்கிற திசையைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டேன். அம்மா, அவருக்கு இன்று சளி, ஜுரம், கண்ணில் தூசி, உன் இஷ்டம், ஏதாவது ஒன்று.

ப்ரொஃபசர் திடகாத்திரமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். பையில் சிவப்புப் பேனா.

உட்கார வைத்தார்கள். காபி வந்தது. பிரதிபா வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு அன்னபூர்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தட்டை இருவரும் சேர்ந்து கொடுத்தோம். ப்ரொஃபசர் பத்திரிகையை மட்டும் தனியாக எடுத்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கமாவுக்குக் கமா தலையை ஆட்டினார். 'சென்னாகிதெ' என்று ஒரு தடவை முணுமுணுத்தார். நன்றாகத்தான் இருக்கிறதாம். வலது கீழ் மூலைக்கு வந்தார். நின்றார். மஞ்சளை மோந்து பார்த்தார்.

"பீகரே, இங்கே மட்டும் இவ்வளவு அரிசினா எதுக்கு?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். அரிசினா என்றால் மஞ்சள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அன்னபூர்ணி பதில் சொன்னாள். அவாத்து வழக்கமாம் என்றாள். அந்த 'மாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

ப்ரொஃபசர் அப்படியா என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். அரிசி மாவு சேர்த்த மஞ்சள். காய்ந்த தோல் மாதிரி பெயர்ந்து தரையில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேனா திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. கை என் தோள்மேல் விழுந்தது.

"இந்த வார்த்தையைச் சரியாகப் போட்ட பத்திரிகை நான் பார்த்து ரொம்ப வருஷமாச்சு. எல்லாரும் இங்கேதான் விழறாங்க. நீங்க விழலை. உங்க இங்கிலீஷ் ஒள்ளே இங்கிலீஷ், நல்ல இங்கிலீஷ், பீகரே."

கண்ணைத் திறந்தேன். பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மஞ்சள் கறைக்கு நடுவில், துல்லியமாக, 'ஐ'. நான் 'ஈ' போட்டேன். 'ஈ' அச்சானதை இதே கண்ணால் பார்த்தேன். அதன்மேல் இரண்டு நாள் பூசினேன். அடியில் 'ஐ' இருக்கிறது. அம்மா சாமுண்டி, நான் ஜுரம்தானே கேட்டேன், நீ எழுத்தையே மாற்றிவிட்டாயே என்று உடம்பு சிலிர்த்துவிட்டது. ப்ரொஃபசர் தன் சிவப்புப் பேனாவை எடுத்து எனக்கே பரிசாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு அங்கே என்ன பேசினோம், என்ன சாப்பிட்டோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வழக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, தப்பை மறைக்கத்தான் தடவினேன் என்றேன். உன் எதிரில் இங்கிலீஷிலாவது பெரிய மனுஷனாக இருக்க ஆசைப்பட்டேன் என்றேன். அம்மன் நம் குடும்பத்தின்மேல் வைத்திருக்கிற கருணையையும் சொன்னேன். அன்னபூர்ணி தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் மடியில் இருந்த பூவைச் சரி செய்துகொண்டாள்.

"அம்மன் இல்லை. சொர்ணலதா."

"என்ன?"

"முதல்ல வந்த அஞ்சுதான் தப்பு. அதைப் பார்த்ததுமே போன் பண்ணிட்டேன். 'ஈ'யை எடுத்துட்டு 'ஐ' போட்டு மிச்சத்தை அடி, அவர் கேட்டா ஒண்ணும் சொல்லாதேன்னேன்."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த அறுநூறும் சரியான பத்திரிகைகள். சரியான வார்த்தைமேல் இரண்டு நாள், முதுகு ஒடிய, மாவு கலந்து பூசியிருக்கிறேன்.

"கண்ணாடி?"

"ஸ்க்ரூ நன்னாத்தான் இருந்தது."

"அப்போ ஏன் சொல்லலை? நான் தடவும்போதாவது சொல்லியிருக்கலாமே."

அவள் இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை. என் மஞ்சள் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதான்னா, உங்களுக்கு அந்த இங்கிலீஷ் எவ்வளவுன்னு. பிள்ளை கல்யாணத்துல அதைப் பிடுங்கிண்டு நான் என்ன பண்ணப்போறேன்? அவர் இன்னிக்குப் புகழ்ந்தாரே, எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா. அத்தனையும் நீங்க எழுதினதுதான். நான் மாத்தினது ஒரே ஒரு எழுத்து."

ஆட்டோ எங்கள் தெருவுக்குத் திரும்புகிறவரை அவள் கையை விடவில்லை, நானும் விடவில்லை. இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். கமா எல்லாம் போட்டு, நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன்.

"சரின்னா" என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கினோம். நான் ஆட்டோவை அனுப்பிவிட்டு வருவதற்குள் அவள் படியேறிக் கதவைத் திறந்தாள். செருப்பை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சொல்ல மறந்துட்டேன். நாளைக்கு இன்னும் இருநூறு வர்றது. அதுல எந்த வார்த்தை தப்பா இருக்கணும்னு நீங்களே சொல்லிடுங்கோ, சொர்ணலதாகிட்ட சொல்லி வெக்கறேன்."